பிரபுவின் வாழ்க்கை, மூன்று மொழிகளில்

பிள்ளைக்கு உதவி செய்யக் கிளம்பும் தகப்பனை வீட்டில் பூட்டிவைப்பது நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன்.

இங்கிலாந்துப் பிரபு ஒருவர் மொன்றியலுக்கு வந்திருந்தார். அருங்காட்சியகம், மருத்துவமனை, நாடக அரங்கு என்று வாழ்நாளெல்லாம் பொதுப்பணி செய்தவர். ஆண்டுதோறும் ஓர் இளங்கலைஞரை லண்டனுக்கு அழைத்துப் படிப்பிக்கும் அறக்கட்டளைக்கும் அவர்தான் தலைவர். விமான நிலையத்துக்குப் போகிற வழியில், சென்ட் லோரன்ட் பகுதியில் உள்ள எங்கள் தமிழ் மன்ற மண்டபத்துக்கு வந்து என் மகள் கவினியின் நடனத்தைப் பார்க்கச் சம்மதித்தார். நாற்பது நிமிடம் மட்டும்தான் என்று அவருடைய செயலாளர் மூன்று தடவை எழுதியிருந்தார்.

நடனம் பன்னிரண்டு நிமிடம். மிச்சம் நிறைய இருக்கிறதே என்று நினைத்தேன்.

பொன்னாடை போர்த்திவிட்டு, பிரதம விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கத் தொடங்கினேன். அவருடைய பாட்டனார் பிரபுப் பட்டம் பெற்றதிலிருந்து, இவர் நிதி சேர்த்துக் காப்பாற்றிய பழைய அரங்கின் கூரை வரைக்கும் நாலு பக்கம். தமிழில் முடித்ததும் ஆங்கிலத்தில் வாசித்தேன். (விருந்தினருக்கு விளங்க வேண்டாமா?) அது முடியும்போது முன்வரிசையில் மாநகரசபை உறுப்பினர் ஒருவர் கண்ணில் பட்டார். கியூபெக்கில் இருந்துகொண்டு பிரெஞ்சை விடலாமா?

பிரெஞ்சில் பிரபு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கையில், மேடையோரத்தில் என் மனைவி ராஜி மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். (புது மணிக்கூடு வடிவாய்த்தான் இருந்தது. தலையாட்டினேன்.) கடைசியில் மேடைக்கே வந்து காதுக்குள் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை சலங்கை கட்டிக்கொண்டு நிக்குது. இறங்குங்கோ."

"இன்னும் கலியாணம் முடிக்கேல்லையப்பா அவர். பொறும்."

நான் முடித்தபோது செயலாளர் எழுந்துவிட்டார். பிரபு என் கையைப் பிடித்து, "பிரெஞ்சில் கேட்கும்போதுதான் நான் நல்ல மனிதனாகத் தெரிகிறேன்" என்றார். பொன்னாடையோடு காரில் ஏறிப் போனார்.

திரையோரத்தில் கவினி நின்றாள்.

"அப்பா, நான் ஆடவேயில்லை."

அவ்வளவுதான் சொன்னாள். குனிந்து சலங்கையைக் கழற்றினாள்.

இரண்டு வாரத்தில் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. உறையைப் பிரிக்காமலே அவளிடம் கொண்டு ஓடினேன். தன் வாழ்க்கையை இவ்வளவு முழுமையாக யாரும் சொன்னதில்லை என்றும், எண்பத்துநாலு வயதாகிவிட்டதால் தன் இரங்கல் கூட்டத்தில் வாசிக்க அந்த உரையின் பிரதி வேண்டும் என்றும் பிரபு எழுதியிருந்தார். ஆங்கிலம் மட்டும் போதுமாம்.

கவினி இரண்டு தரம் வாசித்தாள். இரண்டு வாரத்தில் முதல்தடவையாகச் சிரித்தாள்.

அடுத்த வருடம் எனக்குச் சொல்லாமல் அவளே அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தாள். கிடைக்கவில்லை. இப்போதும் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அவள்தான் முந்திக்கொண்டு என்னை அறிமுகம் செய்கிறாள்.

"இவர் எங்கட அப்பா. லண்டனுக்குத் தெரிவானவர்."