தொடர்ச்சி அடுத்த வடையில்

இந்தியாவிலேயே எண்ணெயில் பொரித்த பத்திரிகை நடத்திய ஒரே மனிதர் எங்கள் தெரு வடை எடிட்டர்தான். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரலாம். என்னிடமும் ஆதாரம் இருக்கிறது, கொஞ்சம் பிசுபிசுவென்று.

சிவகாசியில் எங்கள் வீட்டுக்கு எதிரே சின்ன அச்சகம் வைத்திருந்தார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற ஆர்டர். கலர் சரியாக உட்காரும் வரை கட்டுக்கட்டாகத் தாள் பாழாகும்; லேபிள் கிளியின் மூக்கு வயிற்றில் போய் நிற்கும். அந்தத் தாள்களெல்லாம் வடை மடிக்க டீக்கடைக்குப் போவது ஊர் வழக்கம். எடிட்டர் மட்டும் பின்பக்க வெள்ளையில் செய்தி அடித்து அனுப்பினார்.

காரணம் இருந்தது. உள்ளூர் கேபிள் டிவியில் தினமும் மாலைச் செய்தி வரும். ஆலை விபத்து, குடிதண்ணீர் மறியல் எதையும் காட்டக் கூடாது என்று மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு வந்தது. அன்று முதல் செய்தி நேரத்தில் டூயட்தான் ஓடியது.

"பேசாம பத்திரிகை ஆரம்பிங்க அண்ணாச்சி" என்றேன்.

"பத்திரிகைன்னா பதியணும், அவுக பாத்து சரிம்பாக, இல்லைம்பாக. வடை மடிக்கிற பேப்பருக்கு எவம்லே அனுமதி கேப்பான்?"

பெரிய தாளில் அடித்து எட்டுத் துண்டாக வெட்டுவார். செய்தி நீளமானால் துண்டின் அடியில் 'தொடர்ச்சி அடுத்த வடையில்' என்று இருக்கும். தண்ணீர்த் தொட்டி ஊழலைப் படித்து முடிக்க ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆறு வடை தின்றார். கடைசித் துண்டு பஜ்ஜிக்குப் போய்விட்டதால், குற்றவாளி யாரென்று தெரியாமல் வயிற்றைத் தடவிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

ஒருநாள் பேப்பரைக் கைப்பற்ற ஏட்டு ஒருவர் வந்தார். கடைக்காரர் மரியாதைக்குக் குறைவில்லாமல் வடையோடு கொடுத்தார். கூடவே சட்னியும் ஊற்றினார்.

"ஏட்டையா, சாட்சியத்துல பாதியத் தின்னுட்டீக, மீதிய சட்னி தின்னுருச்சு. கேச எதை வச்சுப் போடுவீக?" என்றார் எடிட்டர்.

ஏட்டு பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். "எங்க போலீஸ் லைனுக்குத் தண்ணி எப்ப வருதாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரு மத்தியானம் அம்மா வேலை பார்த்த பட்டாசு ஆலைப் பக்கம் புகை எழும்பியது. டிவியில் டூயட். ஆலை வாசலில் போலீஸ். காயம்பட்டவர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்பதுதான் பதில். அப்பாவும் நானும் அலைந்து ஓய்ந்து, சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் அதே கவலை முகத்தோடு இன்னும் பல பேர்.

எடிட்டர் புகை எழும்பியபோதே மொபெட்டில் கிளம்பியிருந்தார். கையில் பிளாஸ்க்கும் ரொட்டியும். ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும், "எங்க மதினி உள்ள இருக்காக" என்று சொல்லி நுழைந்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு எல்லா வார்டிலும் மதினிகள். திரும்பி வந்து செய்தி அடித்து, ஈரம் காயாத பேப்பர்க் கட்டைக் கடையில் இறக்கிவிட்டு, மீதிப் பேரைத் தேடி வண்டியை மதுரைக்கு விட்டார்.

அவசரத்திலும் பழக்கதோஷம் போகவில்லை. தாளை வடை அளவுக்கே வெட்டியிருந்தார். என் கைக்கு வந்த துண்டின் கடைசி வரியில் அம்மா பெயர்: 'மாரியம்மாள், விருதுநகர் ஆஸ்பத்திரி.' அதற்குக் கீழே, தொடர்ச்சி அடுத்த வடையில்.

அதுவரை அப்பா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "இருக்கிற வடையெல்லாம் குடுய்யா" என்றார்.

கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, மொத்தப் பேப்பர்க் கட்டையும் பெஞ்சில் கொட்டினார். எல்லாருமாகத் தேடினோம். கிடைத்தது. 'வலது கையில் தீக்காயம். உயிருக்கு ஆபத்தில்லை. நன்றாகப் பேசுகிறார். காபி கேட்டார்.' அந்தத் துண்டுகளில் எல்லாருக்கும் இப்படி ஒரு வரி இருக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "காப்பியா? நான் என்னைக்குலே காப்பி குடிச்சேன்? டீல்ல கேட்டேன்" என்றாள்.

வேடிக்கையாக இருக்கட்டும் என்று எடிட்டரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. தனக்குக் காபி பிடிக்கும் என்பதால் ஊருக்கே பிடிக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"இல்லாததப் போட்டா, இருக்கிறத மறைக்கிற அவுகளுக்கும் நமக்கும் என்னலே வித்தியாசம்?" என்றவர் அன்று சாப்பிடவே இல்லை.

அடுத்த நாள் ஊர் முழுக்க எல்லா வடையிலும் ஒரே செய்தி: 'திருத்தம். மாரியம்மாள் கேட்டது டீ. தவறுக்கு வருந்துகிறோம்.'

அந்தத் துண்டு எண்ணெய்க் கறையோடு எங்கள் வீட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போதும் யாரும் காபி குடிப்பதில்லை. ஆனாலும் அடுப்படி அலமாரியில் ஒரு சின்ன டப்பாவில் காபித்தூள் தீராமல் இருக்கும்படி அம்மா பார்த்துக்கொள்கிறாள். எடிட்டர் எப்போது வேண்டுமானாலும் வருவார்.