கடல் இல்லாத பாலி

நான் பாலித் தீவுக்குப் போய் வந்தவன் என்று எங்கள் அலுவலகத்தில் இன்றும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் போனது ஏற்காட்டுக்கு.

கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டேன். "உங்ககிட்ட பேசறதுக்கு எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது" என்றாள். ("சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.) தேனிலவுக்கு எடுத்த பாலி டிக்கெட்டை ரத்து செய்தேன். ஆனால் பெங்களூர் நண்பர்களின் பரிதாபப் பார்வை தாங்காமல், "தனியாவே போய் ஜாலியா சுத்திட்டு வர்றேன்" என்று வீரம் பேசிவிட்டேன். சேலத்தில், அப்பா போன பிறகு தனியாக இருந்த அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

ஒளிந்துகொள்ள இடம் தேடியபோதுதான் பாலியில் பங்லி என்றொரு சின்னப் பகுதி இருப்பது தெரிந்தது. அந்தத் தீவில் கடற்கரையே இல்லாத ஒரே மாவட்டம். மலை, ஏரி, மூடுபனி, காப்பித் தோட்டம், நடுநடுவே ஆரஞ்சு மரம். அதெல்லாம் ஏற்காட்டிலேயே இருக்கிறதே, பாஸ்போர்ட் எதற்கு? குரங்குக் குல்லாயை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அம்மாவின் ஊர் வழியாகவே மலை பஸ் ஏறினேன்.

மாரமங்கலம் போகிற வழியில் ஓர் எஸ்டேட் ஓரம் இருவர் தங்கும் அறைதான் கிடைத்தது. அதை நடத்திய ஸ்டெல்லா அக்கா தினமும் இரண்டு காப்பி கொண்டுவந்து வைப்பார்.

"மேடம் எப்பங்க வர்றாங்க?"

"வந்துட்டே இருக்காங்கக்கா."

இரண்டையும் நானே குடிப்பேன். (தூக்கம் வராததற்குக் கல்யாணம் நின்றது மட்டும் காரணமல்ல.)

பகலெல்லாம் போனில் பங்லியின் சரித்திரம் படிப்பேன். கேஹென் கோயிலின் படிக்கட்டு, அங்குள்ள பெரிய ஆலமரம், பழைய வெண்கலப் பட்டயங்கள், மூங்கில் கூரையோடு ஒரே மாதிரி வாசல்கள் வரிசைகட்டி நிற்கும் பெங்லிபுரான் கிராமம். மாலையில் ஏற்காடு ஏரியின் பனியைப் படமெடுத்து பங்லியிலுள்ள 'பாத்தூர் ஏரி' என்று பெயரிட்டு அனுப்புவேன். நண்பர்கள் இதயம் போட்டார்கள். ஏரியில் மற்றவர்கள் ஜோடி ஜோடியாகப் படகில் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் மிதிபடகு தர மறுத்துவிட்டார்கள். ஒற்றை ஆள் மிதித்தால் படகு நின்ற இடத்திலேயே சுற்றுமாம்.

ஒரு மழைநாளில் சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். உச்சியில் பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. யாரிடமாவது பேசாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, போனைக் குகைக் கோயிலின் பாறைப் பக்கம் திருப்பினேன்.

"இதான்மா பங்லி. பழைய ராஜாக்கள் கும்பிட்ட கோயில்."

"கடலக் காட்டு கண்ணு."

"இந்தப் பக்கம் கடல் கிடையாதும்மா."

"பாலின்னா கடலுன்னாங்க? நொம்பக் குளுருதா? இருமறயே."

நான் வெண்கலப் பட்டயங்களைப் பற்றி ஆரம்பித்தேன். பின்னாலிருந்து தேங்காய் பழக் கடைக்கார அம்மாள் குரல் கொடுத்தார்: "ஏனுங்க சாமி! செருப்ப இங்கியே உட்டுப்போட்டுப் போங்க. தேங்கா பழம் வேணுமுங்களா?"

அம்மா முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார்.

"அங்க தமிழ் பேசறாங்களா கண்ணு?"

"அந்தக் காலத்துலயே நம்ம ஆளுங்க வியாபாரத்துக்கு இங்க வந்து..."

"போன அவங்ககிட்டக் குடு."

கொடுத்தேன். அம்மாவின் அந்தக் குரலுக்கு நான் மறுபேச்சுப் பேசியதே இல்லை.

"ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?"

"செம்மநத்தமுங்க, இங்க ஏற்காட்டுலதானுங்க. உங்களுக்கு?"

"சேலமுங்க."

அத்தோடு என் பங்லி ராஜ்ஜியம் முடிந்தது. கடை வாசலில் எல்லோர் காதிலும் விழ வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன். அம்மா கேட்டது வேறு.

"பையன் சாப்ட்டாப்பல தெரியுதுங்களா?"

கடைக்கார அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இல்லீங்க. அழுதாப்பல இருக்குதுங்க."

(கண்ணில் சாரல் பட்டது என்று நான் சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை.)

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து, முகமெல்லாம் வெளுத்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மலையை மொட்டைமாடியிலிருந்தே பார்த்தவர். "உங்கப்பா அடுத்த வருசம், அடுத்த வருசம்னே போயிட்டாரு" என்றார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"செரி, உன்ற பாலியச் சுத்திக் காட்டு."

காட்டினேன். எல்லாவற்றுக்கும் பங்லிப் பெயரையே சொன்னேன். அம்மாவும் முகம் மாறாமல் தலையாட்டிக்கொண்டே வந்தார். மலை விளிம்பில் நின்று, "நம்ம ஊடு எதுடா?" என்று கீழே வெகுநேரம் தேடினார். வெள்ளைப் பனிதான் இருந்தது. கையை மட்டும் விடவில்லை.

இப்போதெல்லாம் சொந்தக்காரர்கள் யாராவது வெளிநாட்டுப் பயணம் பற்றி அளக்க ஆரம்பித்தால், அம்மா நிதானமாகச் சேலையைச் சரிசெய்துகொள்வார். நான் சிரிப்பை அடக்கத் தயாராவேன்.

"நானும் பாலிக்குப் போயிருக்கறனுங்க. பஸ்லயே போயிரலாம். மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்கு வந்தரலாமுங்க."