நடுவர் வீட்டு பஜ்ஜி

வாயில் பஜ்ஜி இருக்கும்போது பேசக் கூடாது என்பதை, ஒரு சர்வதேச வழக்கைக் கெடுத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். நாங்கள் ஜெர்மனிக்கு அனுப்பிய வால்வுகள் துருப்பிடித்து வந்ததாக வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கப்பலில்தான் துருப்பிடித்தது என்றது எங்கள் கம்பெனி. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு நடுவர் விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. (பேக்கிங்காரனிடம் யார் சொல்வார்கள்?)

அந்தச் சமயத்தில்தான் அம்மாவும் நானும் கோவில்பதாகைக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா உலோகப் பரிசோதனை இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர்.

"என்ன வேலை பாக்கறீங்க தம்பி?"

உள்ளே இருக்கும் பெண்ணுக்குக் கேட்கட்டும் என்று, வாயில் பஜ்ஜியோடு குரலை உயர்த்தினேன். "வால்வு கம்பெனி சார். ஜெர்மன்காரனோட கேஸ் நடக்குது. உள்ளதைச் சொன்னா, சரக்கு இங்கயே மழையில கெடந்துச்சு. தார்ப்பாய்கூட போடல. நான்தான் துடைச்சு, எண்ணெய் தடவி, பளபளன்னு அனுப்பி வெச்சேன்!"

அவர் முகம் வெளுத்தது. "நிறுத்துங்க தம்பி. அந்தக் கேஸை விசாரிக்கறதே நான்தான்."

பஜ்ஜி தொண்டையில் நின்றது.

"இவன் சும்மா வெளாட்டுக்குச் சொல்றான் சார்," என்றாள் அம்மா.

"அம்மா, நீங்களும் எதுவும் சொல்லாதீங்க," என்றார் அவர்.

நடந்ததை அவர் இரு தரப்புக்கும் தெரிவித்தார். அவரே தொடரட்டும், ஆட்சேபணை இல்லை என்றார்கள் ஜெர்மன்காரர்கள். (இருக்குமா பின்னே!) எங்கள் முதலாளி, கூடவே கூடாது என்று குதித்தார். நடுவரோ தானாகவே விலகிவிட்டார். விசாரணை முதலிலிருந்து தொடங்கியது.

"இன்னாபா, பொண்ணு பாக்கப் போனியா, கேஸை ஊத்தி மூடப் போனியா?" என்றார் மேனேஜர். என் வேலை போனது.

கோபத்தோடு மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். "கேக்காத மாதிரி இருந்திருக்கலாமே சார்?"

"உங்களுக்குச் சாதகமா தீர்ப்புச் சொன்னா, மாப்பிள்ளைக்காகன்னு ஊர் சொல்லும். எதிரா சொன்னா, அந்தப் பேச்சுக்குப் பயந்து சொன்னேனோன்னு எனக்கே சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோட எப்படி உக்காருவேன்?"

கேஸும் அதற்கான கட்டணமும் போனதில் அவர் இழந்ததும் குறைவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளிருந்து பெண் வந்தாள். "எனக்கு இவரையே பேசி முடிங்கப்பா. இவரால எதையும் மறைக்க முடியாது."

எங்களுக்குள் சண்டை வந்தால் மாமனார் இன்றும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "ரெண்டு பக்கமும் எனக்குச் சொந்தம். வேற ஆளைப் பாருங்க."

அதனால் எங்கள் வழக்குகளை எதிர்வீட்டு அக்காதான் விசாரிக்கிறார். இதுவரை ஒன்றில்கூட நான் ஜெயித்ததில்லை.