ஐந்தருவி இறக்கமும் நல்லெண்ணெய் பிரேக்கும்

புது வண்டி வாங்கினால் நாம் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஊர் அதன் சீட்டை அமுக்கிப் பார்த்துவிடும். நான் வாங்கியது முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலை சைக்கிள். தென்காசியில் எங்கள் தெருவில் அமுக்காத ஆள் பாக்கியில்லை. (பால்காரர் இரண்டு தடவை அமுக்கினார்.)

என் சம்பளத்தில் நான் வாங்கிய வண்டி. ஆனால் தீர்ப்புச் சொன்னது என் கணவர்.

"ஏட்டி, ஞாயித்துக்கெழம எல்லாரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போறோம். நீ இதுல வா. விழாம வீடு திரும்பினா வண்டி ஒனக்கு. ஒரு தடவ விழுந்தாலும் தம்பிக்கு."

தம்பி என்பது என் கொழுந்தன் கணேசன், கல்லூரி மாணவன். அதற்குள் சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டான்! வந்த கோபத்தில் "சரி" என்றேன். (என் வண்டியை வைத்துப் பந்தயம் கட்ட நீங்கள் யார் என்று கேட்டிருக்க வேண்டும். அது மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போதுதான் தோன்றியது.)

குற்றாலம் தாண்டி ஏற்றம் வந்தது. ஒவ்வொரு மிதிக்கும் சீட் அமுங்கி எழும்பியது. என் உழைப்பில் பாதிதான் சக்கரத்துக்குப் போனது. மீதி என்னையே தூக்கித் தூக்கிப் போட்டது. அந்த ஆட்டத்தைப் பூட்ட ஒரு விசை உண்டு என்று கடைக்காரர் சொல்லவே இல்லை, பாவி. குழியில் இறங்கியபோது மட்டும் ஒன்றுமே தெரியவில்லை. அந்தச் சுகத்துக்காக எல்லோரையும் மன்னிக்கலாம் போலிருந்தது. மன்னிக்கவில்லை.

ஆட்டோவில் முன்னே வந்துவிட்ட குடும்பம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது. தலை முதல் கால் வரை மினுங்கிய கணேசன் என் வண்டியைச் சுற்றி வந்தான்.

"மதினி, பிரேக்கு என்னமா கத்துது! எண்ணெ இல்லாமக் கெடக்கு போல."

கதவு கத்தினால் எண்ணெய். தையல் மிஷின் கத்தினால் எண்ணெய். சீசன் வந்தால் மனுஷனுக்கே எண்ணெய். எங்கள் ஊர்க்காரிக்கு அதில் என்ன சந்தேகம் வரும்? சக்கரத்தின் நடுவே பளபளவென்று ஒரு தகடு உண்டு. பிரேக் பிடிப்பது அதைத்தான். நானே சக்கரத்தைத் தூக்கிச் சுற்ற, அவன் அந்தத் தகட்டில் நல்லெண்ணெயை வழிய வழியத் தேய்த்தான்.

"பின்னாலயும் போடு கணேசா" என்று சொன்ன மகராசியும் நான்தான்.

சத்தம் போய்விட்டது. பிரேக்கும் போய்விட்டது என்பது குளித்துத் திரும்பும்போது இறக்கத்தில்தான் தெரிந்தது.

வேகத்தடை வந்தது. தடையாக இல்லை. ஸ்பிரிங் எல்லாவற்றையும் விழுங்கி, சாகப் போகிறவளை அலுங்காமல் கொண்டுபோனது. முன்னால் போன எங்கள் ஆட்டோவைத் தாண்டும்போது கையை ஆட்டிக் கத்தினேன்.

"மெதுவாப் போ, ஏட்டி!" என்றார் கணவர்.

"கை காட்டிட்டுப் போகுதா பாரு, திமிரு!" என்றார் அத்தை, அவருடைய அம்மா.

வளைவில் ஒரு தென்னந்தோப்பு. தேங்காய் உரித்துப் போட்ட கதம்பை மலைபோலக் குவிந்திருந்தது. அதற்குள் தலைகீழாகப் போய்ச் செருகினேன். ஆட்டோ வந்து நின்றது.

"விழுந்துட்டல்லா? வண்டி தம்பிக்கு."

"விழல. நிறுத்தினேன்."

"கதம்பைக்குள்ள கெடந்துக்கிட்டு நிறுத்தினாளாம்!"

"பிரேக்கு பிடிக்கலங்கேன்!"

"ஓட்டத் தெரியாதவங்க எல்லாம் இதத்தான் சொல்லுதாங்க மதினி" என்று சிரித்தபடி கணேசன் வண்டியை எடுத்தான். மறுபடியும் சொன்னேன். கேட்கவில்லை. போகட்டும் என்று விட்டேன். அடுத்த வளைவில் ரோடு திரும்பியது, அவன் திரும்பவில்லை. நடவு முடிந்த வயலுக்குள் நேராக இறங்கினான்.

சேற்றிலிருந்து எழுந்து நின்றவனிடம் கணவர் கேட்டார்: "ஏலே, விழுந்துட்டியா?"

மானம் போகிறதே! "விழலண்ணே... நிறுத்தினேன்" என்றான்.

முதலில் சிரித்தது ஆட்டோக்காரர். அப்புறம் அத்தை. "அவன் நிறுத்தினான்னா நானும் நிறுத்தினதுதான்" என்றேன். கணவரே வயலில் இறங்கி வண்டியைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாரும் விழுவதில்லை. குளியலறையில் வழுக்கிய அத்தை நிறுத்தினார். கணேசன் பரீட்சையில்கூட நிறுத்தியிருக்கிறான். வருகிற விருந்தாளிக்கெல்லாம் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்கிறார். சொல்லட்டும். போன வாரம் ஒரு ரவுண்டு போய்வர சைக்கிளைக் கேட்டார்.

கொடுக்கவில்லை.