பாயிண்ட்டுக்கு வைத்த பேர்

எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தத் தண்டவாளம் திரும்பும் என்பது ஞானராஜுக்கு மறுபடியும் மறந்துபோயிற்று.

கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் சவரி, எண்பத்தாறாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பொம்மை ரயில் அது. தருமபுரி வீட்டின் முன்னறையில் பலகை போட்டுப் பரப்பியிருந்தான். வண்டி தடம் மாறுகிற இடத்துக்குப் பாயிண்ட் என்று பேர். ஆறு பாயிண்ட்டுக்கு ஆறு பொத்தான், எல்லாம் ஒரே கறுப்பு.

முதலில் எண் எழுதிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினான். எறும்பு வரிசைகட்டி வந்து தின்றுவிட்டுப் போயிற்று. அடுத்து, பசை வாங்கிவந்து புனிதர்களின் பேரை ஒட்டினான்.

"அந்தோணியார் மேல கூட்ஸ் வண்டி ஏத்துறீங்களே, நல்லாவா இருக்குது?" என்று மனைவி இசபெல்லா அதைக் கிழித்துப்போட்டாள்.

கடைசியில் சொந்தக்காரர்களின் பேரை வைத்தான், ஒன்றுக்குத் தன் பேரையும். குணம் பார்த்து வைத்ததால் ஒன்றுகூட மறக்கவில்லை. இரண்டு தட்டு தட்டினால்தான் கிறீச்சென்று திரும்புகிற பாயிண்ட்டுக்கு மாமியார் மதலேனம்மாள் பேர்.

அந்த மாமியார், மகன் கொடுத்த ரயிலைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

ஞானராஜின் கண் நேராக அவர் பேர் ஒட்டியிருந்த பொத்தானுக்குப் போனது. போன வருஷம் மஞ்சள் காமாலையில் கிடந்தவனை மூன்று மாதம் கூடவே இருந்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தவர் அவர். அதற்கு ஒரு நன்றிகூட இவன் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் கைகால் கழுவப் போன நேரம் பார்த்து அந்தச் சீட்டைப் பிய்த்துப் பலகைக்கு அடியில் போட்டுவிட்டு, வேறொரு பொத்தானிலிருந்த தன் பேரை அங்கே ஒட்டினான். அதில் கணக்கெல்லாம் குழம்பிப்போனது. அவர் எதிரே ஓட்டிக் காட்டியபோது, எக்ஸ்பிரஸ் நேராகப் போய் கூட்ஸ் வண்டியை முட்டிக் கவிழ்ந்தது.

சத்தம் கேட்டு, சமையலறையிலிருந்து இசபெல்லா பழக்கதோஷத்தில் யோசனை சொன்னாள்.

"மதலேனம்மாளை ரெண்டு தட்டு தட்டுங்க, தன்னால திரும்பும்."

மாமியார் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார். அங்கே கிடந்த சீட்டை எடுத்து நிதானமாக வாசித்தார்.

"அத்தை, மன்னிச்சிருங்க. அது வந்து..." என்று இழுத்தான் ஞானராஜ்.

அவர் சீட்டிலிருந்த தூசியை முந்தானையால் துடைத்து அவன் கையில் வைத்தார்.

"எடுத்த எடத்துலயே ஒட்டிருங்க மாப்ள. உங்க மாமா போனதுக்கப்புறம் இந்தப் பேரு ஒரு வூட்டுல கேக்குறது இன்னிக்குத்தான்."