முகூர்த்தத்துக்கு அறுபது பேர், சாப்பாட்டுக்கு எண்ணூறு பேர்

எலப்புள்ளி சம்பந்தி காளிச்சாமி அவர்களுக்கு, கொழிஞ்சாம்பாறை ஆறுச்சாமி கைகூப்பி எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே என் தலையைத் தவிர எல்லாம் சுகம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் காகிதம்.

என் மகள் கௌசிகாவுக்கும் உங்கள் மகன் அருள்குமாருக்கும் காலையில் மலைக்கோயிலில் முகூர்த்தம், அங்கே அறுபது பேருக்கு மேல் விடமாட்டார்கள், ஆளுக்கு முப்பது, சாயங்காலம் மண்டபத்தில் எண்ணூறு பேருக்கு வரவேற்பு என்று நாம் பேசியபோது எத்தனை சுலபமாக இருந்தது! வரவேற்புக்காரர்களுக்குத் தனிக் கார்டு அடிக்கலாம் என்று சொன்ன என் வாயை என்ன செய்வது? ஒன்றரை மாதமாக இதே வேலை. முதல் கார்டில் 'வரவேற்புக்கு மட்டும்' என்று போட்டேன். என் பெரியப்பா மகள் கருப்பாத்தாள் அக்கா கார்டும் கையுமாக வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஏந் தம்பி, மட்டும்னா என்ன அர்த்தம்? தாலி கட்டறத நான் பாத்தா கண்ணு பட்டுப்போயிருமா?"

"அய்யோ, இல்லீங்கக்கா, கோயில்ல எடமில்லீங்க."

"எனக்கா எடமில்லை?"

அவரை முப்பதில் சேர்த்தேன். அவரைச் சேர்த்ததும் அவர் தங்கைகள் மூன்று பேரையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அடுத்த கார்டில் 'மட்டும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'மணமக்களை வாழ்த்த மாலையில் வருக' என்று கௌரவமாக எழுதினேன். நம் தோப்பில் தேங்காய் போடும் பழனிச்சாமி தலையைச் சொறிந்துகொண்டே, "ஏனுங், மால போட்டுட்டுத்தான் வரோணுங்களா? நான் கார்த்திகைலதானுங்க போடுவேன்" என்றார். சரி, ஒளிவுமறைவே வேண்டாம் என்று 'கோயிலில் இடம் குறைவு, மண்டபத்தில் இலை நிறைய' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகத்து ஜெகன் படித்துவிட்டு, "நல்லாருக்குதுங்க, ஆனா ஓட்டல் நோட்டீசாட்டம் இருக்குதுங்" என்றார். அடித்தும் கொடுத்தார். வாங்கியவர்கள் எல்லோரும், "அப்ப எங்களுக்கு வெறும் எலைதானுங்களா?" என்று கிளம்பி வந்தார்கள். வந்தவர்களைச் சமாதானம் செய்ய எனக்கு வேறு வழி தெரியவில்லை, முப்பதில் சேர்த்துக்கொண்டே போனேன். நேற்றுப் பார்த்தால் பட்டியல் நிறைந்துவிட்டது, என் பெயரைக் காணோம். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன், சம்பந்தி! யாரையாவது விட்டுக்கொடுக்கச் சொன்னால், "நீங்கதான் ஊட்டுக்காரராச்சே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்" என்கிறார்கள்.

ஆகவே உங்கள் முப்பதில் எனக்கு ஓர் இடம் தந்து காப்பாற்ற வேண்டும். தூணுக்குப் பின்னால் என்றாலும் சம்மதம், எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

மணமக்கள் நூறாண்டு வாழட்டும், கார்டே அடிக்காமல் வாழட்டும்.

இப்படிக்கு,
இடம் வேண்டி நிற்கும் உங்கள் சம்பந்தி,
ஆறுச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கௌசிகா போன் செய்தாள். நம் கார்டுச் சண்டையைத் தாங்க முடியாமல் ஒரு மாதம் முன்பே இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்களாம். இன்று காலை பத்தரைக்குக் கல்யாணம் முடிந்ததாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் என் வீட்டம்மா, உங்கள் வீட்டம்மா, அவர்களை ஏற்றிப் போன ஆட்டோக்காரர். ஆட்டோக்காரரே கல்யாணம் பார்த்துவிட்டார், சம்பந்தி. நாம் இருவரும் வரவேற்பன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்தால் போதுமாம்.