வெட்டுக்கிளியின் பின்னங்கால் பற்றி ஆசிரியருக்கு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்ற தங்கள் சந்தாதாரன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் தங்கள் லென்ஸுகளும் பூஞ்சை பிடிக்காமல் நலமாயிருக்க வேண்டுகிறேன். என் மனைவியும் நலமாகத்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன். அவளையே கேட்டுச் சொல்ல முடியாத நிலைமைக்குத் தாங்கள்தான் காரணம் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

தங்கள் புகைப்பட இதழின் முந்தைய வெளியீட்டில் வாசகர் படங்களை அலசும் பகுதியில் என் வெட்டுக்கிளிப் படத்தை அலசி, பிழிந்து, கொடியிலும் காயப்போட்டிருந்தீர்கள். "பூச்சி நட்டநடுவில் நிற்கிறது. கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் பின்னங்காலில் விழுந்திருக்கிறது. பின்னாலிருக்கும் கிளை அதன் தலையில் முளைத்த கொம்பு போலிருக்கிறது. இது படமா, எக்ஸ்ரேயா?" என்று கேட்டிருந்தீர்கள். ஐயா, காலமெல்லாம் நான் எடுத்தது எக்ஸ்ரேதான். உடைந்த முழங்காலைக் கலைநயத்தோடு ஓரத்தில் வைத்து எடுத்திருந்தால் எலும்பு டாக்டர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா? அந்தப் பின்னங்காலில் ஒவ்வொரு முள்ளும் பளிச்சென்று தெரிந்ததே, அதைப் பாராட்ட உங்களுக்கு மனசு வரவில்லை.

போகட்டும், கற்றுக்கொள்வோம் என்று தோட்டத்தில் இறங்கினேன். "பின்னணியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தீர்களா, குறுக்கே நின்ற கிளையைக் கத்தரித்தேன், அதற்குப் பின்னால் இன்னொன்று தெரிந்தது, அதையும் கத்தரித்தேன், இப்படியே பின்னணி சுத்தமாகிக்கொண்டே போய்ப் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தபோதுதான் அது என் மனைவியின் வெள்ளை ரோஜாச் செடி, முதல் மொட்டு விட்டிருந்த செடி என்பது எனக்கு உறைத்தது. அவள் வந்து செடியைப் பார்த்தாள், கத்தரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மேஜைக்கு வருது, வார்த்தைதான் வரமாட்டேங்குது. வீடு வெறிச்சோடிக் கிடக்குது சார், என்னால தாங்க முடியல. அவள் தம்பி வேறு போன் பண்ணி, "என்ன மாமா, பூச்சிய ஃபோகஸ் பண்ணப் போய் அக்காவ மங்கலாக்கிட்டீங்களாமே?" என்கிறான்.

அப்புறம் ஒரு நாள் தோட்டத்தில் சிவப்புத் தும்பி ஒன்று குச்சி மேல் வந்து உட்கார்ந்தது. தும்பிக்குத் தலையே கண்தான், இதை நானே நினைத்தாலும் தவறவிட முடியாது என்று கேமராவோடு குப்புறப் படுத்தேன். ஃபோகஸ் வைப்பதற்குள் பறந்துவிட்டது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் என்று நீங்கதானே எழுதியிருந்தீங்க? படுத்தே கிடந்தேன். தொப்பியில்லாத தலையில் வெயில், சட்டைக்குள் எறும்பு. அப்போது பின்னாலிருந்து அவள் குரல்: "மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." ஊருக்கெல்லாம் நான் சொன்ன வார்த்தை! அவள் பேசிவிட்ட சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கி, குச்சியே தெரியவில்லை. உச்சந்தலையில் ஏதோ குறுகுறுத்தது, எறும்பென்று பொறுத்துக்கொண்டேன். "சரி, மூச்சு விடுங்க" என்றாள், போனை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்றுவரை அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. தும்பியும் குச்சிக்குத் திரும்பவில்லை.

ஆகவே தங்கள் விமர்சனத்தை வாபஸ் வாங்கி, என் சந்தாவையும் ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டிலாவது எல்லோரும் எல்லோரோடும் பேசிக்கொண்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நொந்துபோன சந்தாதாரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் புது இதழ் வந்துவிட்டது. அட்டையில் சிவப்புத் தும்பி. எடுத்தவர் என் மனைவி! "கண்ணில் துல்லியமான ஃபோகஸ். பூச்சியை ஓரத்தில் நிறுத்தியது அழகு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது உட்கார்ந்திருக்கும் வழவழப்பான பாறை. ஒரு புல்கூட முளைக்காத இவ்வளவு சுத்தமான பின்னணி கிடைப்பது அபூர்வம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, இந்தக் கடிதத்தை எழுதுவதே அந்தப் பாறைதான். அதைப் படித்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது தோட்டத்திலிருந்து, "ஏங்க, வெயில் இறங்கறதுக்குள்ள வந்து படுங்க, இன்னொண்ணு எடுக்கணும்"னு கூப்பிடறா. மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். சந்தாவை நீட்டித்துவிடுங்கள், அவள் பெயரில்.